பாடம் நடத்தப் போன கல்யாணக் கேமராக்கள்

இன்று காலை புதுச் சரக்கு வந்தது. அட்டைப்பெட்டியின் டேப்பைக் கிழித்துக் கேமராவை வெளியே எடுத்தபோது அந்த வாசனை வந்தது. புது பிளாஸ்டிக்கும் ரப்பரும் கலந்த வாசனை. நீ இருந்திருந்தால் நான் விலைச்சீட்டு ஒட்டுவதற்குள் அதை மூக்கருகே கொண்டுபோய் வைத்திருப்பாய். "புதுப் புள்ள வாசன மச்சான்" என்பாய். அது விற்குமா விற்காதா என்ற கவலையெல்லாம் எனக்குத்தான்.

பெட்டியை அப்படியே மூடிவிட்டு வாசலுக்கு வந்து நின்றேன். ஜி.எஸ்.டி. சாலையில் கல்லூரிப் பிள்ளைகள் பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தார்கள். குரோம்பேட்டை முழுக்க எப்போதும் போல இரைச்சல். எனக்கு மட்டும் கடைக்குள் திரும்பிப் போகக் கால் வரவில்லை.

தாம்பரத்தில் நாம் ஒன்றாகப் படித்த காலத்திலேயே உனக்குக் கேமரா பைத்தியம். ராஜகீழ்ப்பாக்கத்தில் உங்களுடையது ஊர் தோன்றிய நாளிலிருந்து இருக்கும் குடும்பம். வயல்கள் மனைகளான பிறகு உன் அப்பா ரியல் எஸ்டேட் ஆபீஸில் உனக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார். நீ அதில் ஒரு நாள்கூட ஒழுங்காக உட்காரவில்லை. "நெலத்த வித்துகினே இருந்தா ஒரு நாள் தீந்துபூடும் நைனா" என்று அவரிடம் சொல்லிவிட்டு, ரயில்வே கிளார்க் மகனான என்னைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு கடை போட்டாய். கேமரா உன் பக்கம், கணக்கு என் பக்கம்.

நீ விற்கிற அழகைப் பார்த்து நான் எத்தனை முறை பல்லைக் கடித்திருப்பேன். யார் வந்தாலும் "இன்னா எடுக்கப் போறீங்க?" என்று கேட்பாய். சும்மா வீட்டில் இருக்கட்டும் என்று வாங்க வந்தவரிடம், "அதுக்கு உங்க போனே போதும் சார்" என்று சொல்லி அனுப்பிவிடுவாய். ஆனால் கல்யாண போட்டோகிராபர்கள் உன்னைத் தேடித்தான் வந்தார்கள். பல்லாவரம், சேலையூர், கூடுவாஞ்சேரி என்று எங்கெங்கிருந்தோ வருவார்கள். திருநீர்மலைக் கோயிலில் கல்யாணம் எடுக்கும் பிரபு, மலை இறங்கி வீட்டுக்குப் போகும்முன் நம் கடைக்கு வந்து படங்களைக் காட்டிவிட்டுத்தான் போவான்.

அந்த ஆண்டு தை மாதம், புதிதாக வந்த ஒரு மாடலுக்குப் பிரபு சொல்லி வைத்திருந்தான். சித்திரை, வைகாசி முகூர்த்தங்கள் எல்லாம் அவனுக்கு நிரம்பியிருந்தன. நீ மொத்த வியாபாரிக்குப் போன் போட்டாய். "சீனாவுல ஃபேக்டரிய புது வருஷ லீவு முடிஞ்சும் தெறக்கல சார். ஏதோ காய்ச்சலாம்" என்றார் அவர். எங்கோ தூர தேசத்துக் காய்ச்சல் என்றுதான் நாம் நினைத்தோம். ஒரு நாட்டில் செய்யும் சின்னப் பாகம் வராததால் இன்னொரு நாட்டில் கேமராவைச் செய்து முடிக்க முடியவில்லை, அதனால் கப்பலில் ஏற்ற ஒன்றுமில்லை என்று மெல்ல மெல்லப் புரிந்தது. மாசி முழுக்க நம் கண்ணாடி அலமாரி காலியாகிக்கொண்டே வந்தது. பங்குனியில் ஊரையே மூடினார்கள்.

கல்யாணங்கள் நின்றன. நடந்தவையும் வீட்டுக்குள், பத்துப் பேரோடு, யாரோ ஒரு சித்தப்பாவின் போனில் எடுத்த படங்களோடு முடிந்தன. கடை திறக்க அனுமதி வந்த முதல் நாள் வாடிக்கையாளர் என்று யாரும் வரவில்லை. போட்டோகிராபர்கள்தான் வந்தார்கள், கேமராவை விற்க. பிரபு தன் பையை மேசைமேல் வைத்துவிட்டு நம் முகத்தைப் பார்க்காமல் நின்றான்.

"எவ்ளோ வந்தாலும் பரவால்லண்ணா. எடுத்துக்கோங்க."

நீ பையைத் திறக்கவே இல்லை. "நான் வாங்க மாட்டேன். இப்ப குடுத்தா மண்ணு வெலைக்குப் போவும். வீட்ல வச்சா ஈரத்துல பூஞ்ச புடிச்சிக்கும். இங்க அலமாரில இருக்கட்டும். கல்யாணம் வந்தா வந்து எடுத்துகினு போ" என்றாய்.

அவனுக்குப் பின்னால் வந்தவர்களிடமும் அதையேதான் சொன்னாய். புதுச் சரக்கு இல்லாத அலமாரியில் அடுத்தவர்களின் கேமராக்கள், ஒவ்வொன்றின் கழுத்திலும் பெயர் எழுதிய சீட்டோடு, வரிசையாக உட்கார்ந்தன. விற்கவும் முடியாத, வாங்கவும் செய்யாத சரக்கு. பிரபு சாப்பாட்டுப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தான்.

அப்போதுதான் நமக்குள் அந்தச் சண்டை வந்தது. பள்ளிக்கூடங்கள் ஆன்லைன் என்றதும் ஊரெல்லாம் போனுக்கும் டேபுக்கும் அலைந்தது. சாலையில் பக்கத்துப் பக்கத்துக் கடைகளில் எல்லாம் வரிசை. கேமரா வியாபாரத்தை விட்டுவிட்டு நாமும் போன் வைக்கலாம் என்றேன்.

"இது இன்னா துணிக்கடையா மச்சான், சீசன் மாறுனா சரக்க மாத்த?"

"வாடகை குடுக்கணும்டா. அத யோசிச்சியா?"

"யோசிச்சிகினுதான் கீறேன்."

இரண்டு நாள் நாம் பேசிக்கொள்ளவில்லை. ஒரே கடைக்குள், ஆளுக்கொரு மூலையில், முகக்கவசத்தோடு.

மூன்றாவது நாள் கிழக்குத் தாம்பரத்திலிருந்து அந்தக் கணக்கு டீச்சர் வந்தார். லேப்டாப்பில் கேமரா கெட்டுப்போயிருந்தது. எந்தக் கடையிலும் வெப்கேம் இல்லை. வந்து இறங்கினால்தானே இருக்கும். "முகம் தெரியாம கிளாஸ் எடுத்தா பசங்க எழுந்து போயிடறாங்க சார். ஸ்கூல்ல வேற ஆள் பாக்கறேங்கறாங்க" என்றார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். நான் இல்லை என்று கை விரித்தேன். நீ அவரை உட்காரச் சொன்னாய்.

கம்பெனிக்காரர்களே அப்போது ஒரு மென்பொருளை வெளியிட்டிருந்தார்கள். கேமராவை லேப்டாப்போடு ஒயரில் இணைத்தால் அதுவே வெப்கேமாக வேலை செய்யும். அன்று மதியம் முழுக்க நீ உன் சொந்தக் கேமராவை வைத்துக்கொண்டு அதோடு மல்லுக்கட்டினாய். படம் வரும், நிற்கும், பாட்டரி தீரும். சாயங்காலம் டீச்சரின் முகம் திரையில் வந்தபோது அவர் தன் முகத்தைத் தானே புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பின்னால் நம் அலமாரி மங்கலாக, கல்யாண ஆல்பத்தில் வருவதுபோல, தெரிந்தது. "எங்க ஸ்கூல்ல இன்னும் நெறைய பேருக்கு இதே கஷ்டம் சார்" என்றார்.

நீ அலமாரியைத் திரும்பிப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாய். இரண்டு நாளுக்குப் பிறகு முதல் சிரிப்பு.

அன்றைக்கே பிரபுவைக் கூப்பிட்டுச் சொன்னாய். கேமரா அவனுடையது, டீச்சர் தரும் மாத வாடகையில் ஒரு சின்னப் பங்கு கடைக்கு, மீதி அவனுக்கு, டீச்சர் வீட்டில் போய் மாட்டிக் கொடுப்பதும் அவன் வேலை. மற்றவர்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டாய். தாலி கட்டுவதைப் படம்பிடித்த கேமராக்கள் மேடவாக்கத்திலும் செம்பாக்கத்திலும் வீடுகளின் ஹாலில் ட்ரைபாடில் நின்று, அல்ஜீப்ராவையும் தாவரவியலையும் காட்டத் தொடங்கின. மணப்பெண்ணுக்கு விளக்கு வைக்கிற பிரபு, டீச்சர்களிடம், "கொஞ்சம் இப்டி ஜன்னல் பக்கமா திரும்புங்க மேடம், மூஞ்சி நல்லா வரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். நம் கடை பெரிதாகச் சம்பாதிக்கவில்லை. ஆனால் ஷட்டர் தினமும் மேலே போனது. எனக்கும் போன் விற்கும் யோசனையை மறுபடி எடுக்கத் தோன்றவில்லை.

மறு வருஷம் சித்திரையில் இரண்டாவது அலை வந்தது. டீச்சர் வீடுகளுக்குப் போகாதே என்று மலர் சொன்னாள், நானும் சொன்னேன். உன் மனைவி சொல்லையே கேட்காதவன் என் சொல்லையா கேட்பாய். எங்காவது ஒயர் கழன்றால் வாசலில் நின்றபடியே சரிசெய்து கொடுத்துவிட்டு வருவாய். எந்த வீட்டில் தொற்றியது என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வேண்டாம் என்று பிறகு மலரே சொல்லிவிட்டாள். கடையிலோ, பஸ்ஸிலோ, எங்கே வேண்டுமானாலும் வந்திருக்கும்.

முதலில் காய்ச்சல். பிறகு மூச்சு. படுக்கைக்கு அலைந்து, கடைசியில் ஒரு மருத்துவமனையில் இடம் கிடைத்தது. வைகாசியில் நீ போய்விட்டாய்.

மலருக்கும் தொற்று இருந்ததால் அவளை வீட்டைவிட்டு வர விடவில்லை. உன் தம்பியும் நானும் மட்டும் நீலக் கவச உடுப்பை மாட்டிக்கொண்டு மயானத்துக்குப் போனோம். கேட்டுக்கு வெளியே, ஒருவருக்கொருவர் தள்ளி, உன் போட்டோகிராபர்கள் நின்றிருந்தார்கள். ஊரை மூடுவதற்கு முன்பெல்லாம் கேமரா இல்லாமல் அவர்களை நான் பார்த்ததே இல்லை. பால் வாங்கப் போனாலும் தோளில் ஒன்று தொங்கும். அன்று எல்லாத் தோள்களும் வெறுமையாக இருந்தன.

பிரபு கிட்டே வரவில்லை, அங்கிருந்தே சொன்னான். "மிஷினு டீச்சர் வூட்ல கீதுண்ணா. பிளஸ் டூ பசங்களுக்கு கிளாஸ் ஓடிகினு இருக்கு. அண்ணன் இருந்தா கழட்ட வுட்ருக்க மாட்டாரு."

மலர் போனில் கேட்டிருந்தாள், "ஒரே ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கண்ணா" என்று. போனைக் கையில் எடுத்தேன். எதிரே இருந்தது ஒரு கட்டி வைத்த மூட்டை. அதில் நீ எங்கே இருக்கிறாய் என்று காட்டி நான் எதை எடுப்பது? போனைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அவளும் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அதன்பின் நடந்ததையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். தள்ளிப்போன கல்யாணங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் வந்தன. டீச்சர்களிடமிருந்து கேமராக்கள் திரும்பின. கணக்கு டீச்சர் தன்னிடம் இருந்ததைப் புதுத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். எல்லோரும் புதுக் கேமரா கேட்டார்கள், உலகத்தில் எங்கும் இல்லை. சிப் இல்லை என்றார்கள். பிரபு காத்திருந்த மாடல் வந்து சேர அவ்வளவு காலம் ஆனது. வந்தபோது அதற்கு அடுத்த மாடலைப் பற்றி எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நீ ஆசை ஆசையாக அடுக்கி வைக்கும் அந்தச் சின்னக் கேமராக்களை இனிச் செய்யப்போவதில்லை என்று கம்பெனியே சொல்லிவிட்டது. கடையில் பாதியை இப்போது போன்களுக்குக் கொடுத்துவிட்டேன். அந்தச் சண்டையில் கடைசியில் நான் ஜெயித்துவிட்டேன். எதிர்த்துப் பேச ஆளில்லாமல் ஜெயிப்பது எப்படி இருக்கிறது என்று உனக்குச் சொன்னால் புரியும். உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும்.

மலர் மதியங்களில் கடைக்கு வருகிறாள். உன் பங்கு அவளுடையது. வேலையும் கற்றுக்கொண்டுவிட்டாள்.

நான் உன்னைக் கடைசியாகப் பார்த்தது வீடியோ காலில். வார்டில் ஒரு சிஸ்டர் தன் போனை உன் முன்னால் பிடித்திருந்தார். கையுறையும் கவசமும் போட்ட அவருக்கு அதைப் பிடிப்பதே பாடு. படம் முழுக்கப் பனி மூடியதுபோல மங்கல். ஆக்ஸிஜன் முகமூடியும் ஒரு தலையணையும் தெரிந்தன. அது யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். உனக்குப் பேச்சு விட்டு விட்டுத்தான் வந்தது. எனக்கோ மலருக்கோ எதையோ சொல்லப்போகிறாய் என்று காதை அழுத்திக்கொண்டேன்.

"லென்ஸு... அழுக்கா கீது போல. தொடைங்க சிஸ்டர்" என்றாய்.

அவர் தன் உடுப்பின் ஓரத்தால் துடைத்தார். பனி விலகி உன் முகம் துல்லியமாக வந்தது. குழிவிழுந்த கன்னம், வெளுத்த உதடு, என்னைத் தேடுகிற கண்கள் எல்லாம் தெரிந்தன. பிழைக்கமாட்டாய் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. துடைக்காமல் இருந்திருக்கலாம் சிஸ்டர் என்று அந்த நொடியில் நினைத்தேன்.

இப்போது அப்படி நினைப்பதில்லை. என்னிடம் மிச்சமிருப்பதே அந்த முகம்தான். அது இன்றுவரை மங்கவில்லை, மச்சான்.