கடைசித் தாளில் ஒரு பொட்டு மண்

என் கோமதி அக்காவுக்கு,

பத்தாவது கதையும் நேற்றுத் திரும்பி வந்துவிட்டது. ஒன்பதுக்கும் அழுதவள், இதற்குப் பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறேன்.

இன்னும் தபாலில் கதை வாங்குகிற பத்திரிகை அது. திருப்பி அனுப்புவதற்கு நம் விலாசம் எழுதிய உறையையும் வைத்துத்தான் அனுப்பினேன். கடைசி இரண்டு தாளுக்கும் நடுவே, நீ செய்வதுபோலவே, கோயில் புற்றுமண்ணைத் தண்ணீரில் குழைத்து ஒரு பொட்டு வைத்தேன்.

நீ என் கதை ஒன்றையாவது முழுதாகப் படித்திருப்பாயா? தையல் மெஷினை விட்டு எழுந்திருக்க நேரமில்லை என்பாய். ஆனால் கதைக்கு நல்லது நடக்கட்டும் என்று மண் மட்டும் தவறாமல் வைப்பாய். ஒவ்வொன்றும் திரும்பி வரும்போது உறையைக் கிழித்ததும் நீ பார்ப்பது கடைசித் தாளைத்தான். மண் காய்ந்து, இரண்டு தாளும் ஒட்டியபடியே இருக்கும்.

"பாத்தியாட்டி, பிரிச்சுக்கூடப் பாக்கல. படிக்காமலே வேண்டாம்னு சொல்லுதான், அதுக்குப்போயி அழலாமா?" என்பாய். எனக்கும் உடனே பசி எடுத்துவிடும். நோவுக்குப் பூசுகிற அம்மன் மண்ணை வேவு பார்க்க அனுப்பியவர்கள் சங்கரன்கோவிலிலேயே நாம் இரண்டு பேராகத்தான் இருப்போம்.

நேற்று வந்ததில் தாள்கள் ஒட்டியிருக்கவில்லை. கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் யாரோ ஒருவருடைய கட்டைவிரல், மண் நிறத்தில் பதிந்திருந்தது. "தபால்ல குலுங்கி உதுந்திருக்கும், விடு தாயி" என்று அத்தான் சமாதானம் சொல்கிறார். பாவம், உன்னைப்போலப் பேசிப் பார்க்கிறார். குலுங்கினால் ரேகை விழுமா?

படித்திருக்கிறார்கள் அக்கா. கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் வேண்டாம் என்றிருக்கிறார்கள். இனி நான் எதைச் சொல்லித் தேற்றிக்கொள்வது?

அது உன்னைப் பற்றிய கதை. ஆஸ்பத்திரியில் நீ கடைசிவரை சிரித்துக்கொண்டே இருந்ததாக முடித்திருந்தேன். நீ எங்கே சிரித்தாய்? "பயமா இருக்குட்டி, இங்கனயே இரு" என்று என் கையைப் பிடித்தாய். எனக்கு உன்னைவிடப் பயம். டீ வாங்கி வருகிறேன் என்று கையை உருவிக்கொண்டு போனேன். திரும்பி வந்தபோது நீ இல்லை. இதை அத்தானிடம்கூட நான் சொன்னதில்லை. முகம் தெரியாத அந்த ஆள், நான் பொய் சொல்வதைக் கண்டுபிடித்துவிட்டாரோ?

அந்த முடிவை அடித்துவிட்டு, டீ வாங்கப் போனதை எழுதுவேன் அக்கா. எழுதி மறுபடியும் அனுப்புவேன். மண் வைக்க மாட்டேன். வேண்டாம் என்று வந்தால், படித்துவிட்டுத்தான் சொல்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்வேன். இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த முறை பாதியில் எழுந்து போக மாட்டேன்.

இங்கனயே இருக்கேன் அக்கா,
உன் தங்கச்சி