பிரிக்காத இன்னொரு பொட்டலம்

மச்சான், நடக்கப்போவதை எல்லாம் முன்கூட்டியே சொன்னவன் நான். அணைக்கு அளவெடுக்க வந்த இன்ஜினியரே என்னைக் கேட்டுத்தான் கோடு போட்டார் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். காடு தோட்டமெல்லாம் முழுகும் என்று ஊரில் முதலில் சொன்னது இந்த வாய்தானே?

இன்றைக்குப் பழைய ஊருக்குப் போயிருந்தேன். வழியெல்லாம் வேலிக்கருவை முள், ஒரு குஞ்சு குளுவான்கூட இல்லை. மேட்டில் உங்கள் வீடு நிற்கிறது. ஓடு பாதி சரிந்துவிட்டது, கதவை யாரோ கழற்றிப் போய்விட்டார்கள். வாசலோரம் நீங்கள் நட்ட சிவப்பு அரளி மட்டும் இரண்டு ஆள் உயரத்துக்குப் பூத்துக் கிடக்கிறது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம். ஐந்தாவது வரை படித்தவன் எழுத்து, பொறுத்துக்கொள்ளுங்கள்.

விளைகிற காடு போகும், மேட்டு வீடுகள் போகாது, இருக்கிறவர்கள் இருக்கலாம், வேண்டுமானால் அரசாங்கம் கட்டும் காலனிக்கு வரலாம் என்றுதான் அதிகாரிகள் சொன்னார்கள். நான் விட்டேனா? மேட்டுக் கோயில் படி வரைக்கும் தண்ணீர் ஏறும் என்று டீக்கடையில் அடித்துச் சொன்னேன். காலனியில் முதல் வீட்டுக்கு என் பெயரையும் கொடுத்துவிட்டேன். ஊர் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. நீங்கள் இருந்தால் இருப்பார்கள், போனால் போவார்கள்.

"ஏனுங்க மாப்பிள்ளை, குச்சிக்கெழங்குக் காடு போனாப் போகுது. நாலு ஆட்ட மேச்சுக்கிட்டு இந்த ஊட்லயே கெடந்துக்கறனுங்க" என்றீர்கள்.

"ஆட்டுக்கு நீச்சல் தெரியுமுங்களா மச்சான்?" என்று கேட்டேன். டீக்கடையே சிரித்தது, நீங்களும் சிரித்தீர்கள். ஆனால் தங்கையைக் கட்டியவன் பேச்சை நீங்கள் தட்டியதில்லை. அன்று முதல் உங்கள் முகம் சரியில்லை.

கடைசியில் முனியப்பனிடம் பூக் கேட்கலாம் என்றீர்கள். வெள்ளை அரளி வந்தால் இருப்பது, சிவப்பு வந்தால் கிளம்புவது. பூசாரி காய்ச்சலில் படுத்திருந்தார். அதனால் பூவை இலையில் மடித்து இரண்டு பொட்டலமாகக் கட்டும் வேலை எனக்கு வந்தது. நீங்கள் கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தீர்கள். சிவப்பு. அந்த நேரம் காற்றே இல்லாமல் கோயில் மணி மூன்று தரம் அடித்தது என்று பிற்பாடு எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். நீங்கள் மணியைப் பற்றிப் பேசவே இல்லை. பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "சாமி சொல்லீருச்சு, அப்பறம் என்னுங்க" என்று எழுந்தீர்கள்.

சாமி வாக்குக் கொடுத்த பிறகு இன்னொன்றைப் பிரிப்பது சாமியையே சந்தேகப்படுவது. அதனால் யாரும் கேட்கவில்லை. அதை நான் வேட்டி மடியில் செருகிக்கொண்டேன்.

ஒரே மாதத்தில் ஊர் காலியானது. அணை நிரம்பியதும் தண்ணீர் காட்டையெல்லாம் விழுங்கியது, நான் சொன்னபடியே. ஆனால் மேட்டடியில் நின்றுவிட்டது. இத்தனை வருஷத்தில் உங்கள் வாசலை அது ஒரு நாளும் தொட்டதில்லை.

காலனி வீட்டில் ஆடு கட்ட இடமில்லை. சாயங்காலமானால் பஸ் நிறுத்தத்தில் போய் உட்காருவீர்கள். ஊர்ப் பக்கம் போகிற பஸ் வரும், பார்த்துக்கொண்டே இருப்பீர்கள், ஏறமாட்டீர்கள். "ஒருக்காப் போய்ப் பாத்துட்டு வரலாமுங்க" என்று கூப்பிட்டேன். "சாமி உட்டுட்டுப் போகச் சொன்ன எடத்துக்குத் திரும்ப எப்படீங்க போறது?" என்றீர்கள்.

போன தையில் படுக்கையில் கிடந்தபோது என் கையைப் பிடித்துக் கேட்டீர்கள். "மாப்பிள்ளை, அந்த இன்னொரு பொட்டலத்துல வெள்ளதானுங்களே இருந்துச்சு?"

"பாலாட்ட வெள்ளைங்க மச்சான். ஊட்ல போய்ப் பிரிச்சுப் பாத்தேன்."

தலையை ஆட்டினீர்கள். இரண்டாம் நாள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

இன்று உங்கள் வாசலில் ஒரு பூவைப் பறித்து அதே மடியில் செருகிக்கொண்டு வந்தேன். எழுதும்போது எதிரில் வாடிக் கிடக்கிறது. இன்ஜினியர் கதை பொய், மணி பொய். அதெல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும், என் பொய்யோடுதானே இத்தனை காலம் பழகினீர்கள். ஆனால் அன்றைக்கு என்னிடம் வெள்ளைப் பூவே இல்லை மச்சான். நான் சொன்னது பலிக்க வேண்டும் என்று இரண்டிலும் சிவப்பைத்தான் கட்டினேன். இரண்டும் உங்கள் வாசல் செடியில் பறித்தவை.