இடுப்பைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை

திங்கள்

வெயில். நிலக்கரி மைன்ஸ் புழுதி. ஆம்புலன்ஸ் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்தது. கம்மாபுரம் கேஸ், பிரசவ வலி. வரப்பு வழியாக ஸ்ட்ரெச்சர். தலைப்பக்கம் டிரைவர் ரஃபீக் அண்ணன், கால்பக்கம் நான். பாதியில் இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது. இடது கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. நின்றுவிட்டேன். நல்லவேளை, அண்ணனும் நின்றார். மூச்சு வாங்கத்தான் போல.

பெண் குழந்தை. இருவரும் நலம்.

செவ்வாய்

வலியா, மரத்துப்போனதா? சொல்லத் தெரியவில்லை. உட்கார்ந்தால் ஒரு மாதிரி, குனிந்தால் வேறு மாதிரி. வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. பொம்பளைக்கு எதற்குத் தூக்குகிற வேலை என்று ஆரம்பிப்பார். ஆபீசிலும் முடியாது. கான்ட்ராக்ட் வேலை.

தைலம் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும். வண்டியெல்லாம் அந்த வாடை. ர. அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை.

வியாழன்

லீவு. பிள்ளையின் ஸ்கூல் மீட்டிங் என்று ர. அண்ணனிடம் பொய். அவருக்கும் லீவு, நெல்லிக்குப்பத்தில் நிக்காஹ் என்றார். வடலூர் எலும்பு டாக்டரிடம் போனால் வாசல் பெஞ்சில் அவர். இடுப்பில் பெல்ட். நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

பிறகு அவர்தான்: "சொன்னா நீ தலப்பக்கம் வந்துடுவ. அங்கதான் கனம் ஜாஸ்தி. அதான் சொல்லலம்மா."

சிரிப்பதா, அழுவதா? இத்தனை நாள் யார் யாரைத் தாங்கினோம்? டாக்டர் இருவருக்கும் ஒன்றையே சொன்னார், கனம் தூக்கக் கூடாது. அதை விட்டால் எங்கள் வேலையில் என்ன மிச்சம்?

வெள்ளி

சூப்பர்வைசரிடம் சேர்ந்தே சொல்லலாம் என்கிறார் அண்ணன். சொன்னால் இரண்டு பேரும் வீட்டுக்கா? சொல்லாவிட்டால் ஒருநாள் யாரையாவது கீழே போட்டுவிடுவேனோ? காலையில் சரி என்றேன். மதியம் வேண்டாம் என்றேன். மாலை போய்ச் சொல்லிவிட்டோம்.

பார்க்கலாம் என்றார் சூப்பர்வைசர். நல்லதா, கெட்டதா? அதுவரை துணைக்கு ஆள் இல்லாமல் தூக்காதீர்கள் என்று மட்டும்.

சனி

டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ், மாடி வீடு. மைன்ஸில் ரிட்டயரான பெரியவர், நெஞ்சு வலி. பிழைத்துக்கொள்வார் என்கிறார்கள்.

முதல் தடவையாக வாய்விட்டுக் கேட்டேன், "யாராச்சும் ரெண்டு பேரு பிடிங்க. எங்களால முடியல." சொல்லும்போது முகமெல்லாம் எரிந்தது. பக்கத்து பிளாக்கிலிருந்து ஓடிவந்தார்கள். மூலைக்கு ஒருவராகத் தூக்கினோம். படி திரும்பும் இடத்தில் பெரியவர் கண் திறந்தார். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கினார்.

"நாலு பேரு தூக்கினு போறீங்க... நான் இன்னும் போவலப்பா."

எங்களுக்குச் சிரிக்கத் தைரியமில்லை. அவரே சிரித்தார். ஸ்ட்ரெச்சர் குலுங்கியது. யாரும் கையை விடவில்லை.