மரகத மகால் ஹோட்டலின் மச்சைப் பிரித்துச் சோதிக்கக் கோரி

அனுப்புநர்
ஹ. அம்மார், பி.இ. (சிவில்),
த/பெ. ஹபீப் முகம்மது,
மேலப்பாளையம், திருநெல்வேலி.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
ஆட்சியர் அலுவலகம், கொக்கிரகுளம், திருநெல்வேலி.

பொருள்: மரகத மகால் ஹோட்டலில் மச்சு இடிந்து பெண் ஊழியர் படுகாயம் – உரிமையாளர் திரு. சுடலைராஜ் தன் குற்றத்தை பிளம்பர் மீது சுமத்தியது – மச்சைப் பிரித்துச் சோதித்து அவர் மீது வழக்குத் தொடரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மரகத மகால் 1934இல் கட்டப்பட்டது. திரு. சுடலைராஜின் தாத்தா பர்மாத் தேக்கைத் தூத்துக்குடியில் இறக்கி, மாட்டுவண்டியில் கொண்டுவந்து கட்டினார். வார்ப்பிரும்புத் தூண்கள் தாங்கும் போர்ட்டிகோ, அரைவட்ட மாடிப்படி, இரண்டடிச் சுண்ணாம்புச் சுவர் எல்லாம் இன்றும் நிற்கின்றன. நல்ல கட்டடம். என் புகார் கட்டடத்தின் மீதல்ல.

2. அதன் மச்சு, அதாவது கூரைத்தளம், தேக்குக் கட்டைகளின் மேல் சிறு செங்கல்லை நிறுத்திவைத்துச் சுண்ணாம்பு சேர்த்து அடித்தது. மழையில் கொஞ்சம் ஈரம் குடிக்கும், வெயிலில் அதை வெளியே விட்டுவிடும். மிச்சத் தண்ணீர் மேற்குச் சுவரிலுள்ள வாய்கள் வழியே வெளியேறும். இவ்வளவுதான் விஷயம். இதற்குப் பட்டம்கூடத் தேவையில்லை.

3. 2023இல் திரு. சுடலைராஜ் மொட்டைமாடியில் உணவகம் அமைக்க, அந்த மச்சின் மேல் நான்கு அங்குலம் கான்கிரீட் போட்டு டைல்ஸ் ஒட்டினார். ‘பாரம்பரிய ஹோட்டல்’ என்ற மின்விளக்குப் பலகை மேற்குச் சுவரில் மாட்டப்பட்டது. தண்ணீர் வழிந்து புதுப் பெயிண்ட் கறைபடுகிறதென்று, வாய்கள் அத்தனையையும் சிமெண்ட் வைத்து அடைத்தார். பாரம்பரியம் என்று எழுதிய பலகைக்காகப் பாரம்பரியத்தின் மூச்சை அடைத்தவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

4. வேலை நடக்கும்போதே நேரில் சென்று, ஈரம் உள்ளே தங்கும், சுவருக்குள் செருகிய கட்டைமுனைகள் உளுத்துப்போகும் என்று சொன்னேன். அவர் சிரித்தார். “எங்க தாத்தா கட்டுனது வே இது, யானைய ஏத்தினாலும் அசையாது. உம்ம காலேஜ் கணக்கையெல்லாம் கங்கைகொண்டான்ல போய்ப் போடும்” என்றார். நான் வேலை செய்வது கங்கைகொண்டான் தொழிற்பேட்டையில்.

5. இம்மாதம் 8ஆம் தேதி காலை, மாடியில் அறை துடைத்துக்கொண்டிருந்த திருமதி கிரேஸி மீது மச்சு இறங்கியது. இடுப்பெலும்பு நொறுங்கி, பாளையங்கோட்டை மருத்துவமனையில் கிடக்கிறார். இடிபாட்டைக் கையால் தள்ளி அவரை வெளியே இழுத்தவர் என் வாப்பா. அந்த ஹோட்டலின் பிளம்பர்.

6. ஆம்புலன்ஸ் கிளம்பியதும் திரு. சுடலைராஜ் என் வாப்பாவைப் போர்ட்டிகோவுக்கு வரவழைத்து, ஊழியர்கள் அனைவர் முன்னும், “ஏலே, ஒரு குழாய ஒழுங்கா முடுக்கத் தெரியல, மவன இஞ்சினியராக்க மட்டும் தெரியுதோ? ஒன் ஒழுக்குலதாம்லே மச்சு விழுந்திருக்கு” என்றார். என் வாப்பா அவரைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். திரு. சுடலைராஜ் காவல் நிலையத்திலும் அதையே எழுதிக்கொடுத்தார். வழக்கு இப்போது என் வாப்பா பெயரில் இருக்கிறது. இரண்டு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு அவர் பள்ளிவாசல் பக்கம் போகவில்லை. தெருவில் யாரும் எதுவும் கேட்டுவிடக்கூடாதாம்.

7. அந்த அறையில் குளியலறையும் குழாய்களும் கிழக்குச் சுவரில் உள்ளன. கட்டைகள் முறிந்தது மேற்குச் சுவரில், அடைத்த வாய்களுக்கு நேர் கீழே. குழாய் ஒழுகி எதிர்ச்சுவர்க் கட்டைகள் உளுத்துப்போக வழியில்லை. மறுநாளே இடிபாட்டை லாரியில் அள்ளிவிட்டார்கள். ஆனால் முறிந்த முனைகள் இன்னும் சுவருக்குள்தான் இருக்கின்றன. விரலால் குத்தினால் மாவாக உதிரும். கீழிருந்து மொட்டைமாடி வரை உயர்ந்த சாப்பாட்டு ஹாலின் மேற்குப் பாதிக்கும் இதே மச்சுதான், பால்சீலிங் போட்டு மறைத்திருக்கிறார்கள். தை மாதக் கல்யாணங்களுக்கு அந்த ஹாலுக்கு முன்பதிவு நடந்துகொண்டிருக்கிறது.

8. எனவே,
அ) ஹோட்டலை உடனே பூட்டி முத்திரையிட வேண்டும்.
ஆ) அரசுப் பொறியாளர் முன்னிலையில் மேற்குச் சுவரைத் திறக்க வேண்டும். திரு. சுடலைராஜ் அங்கே நின்று பார்க்க வேண்டும். வெளியூர், உடல்நலமில்லை என்ற காரணங்களை ஏற்க வேண்டாம்.
இ) அறிக்கை வந்ததும் வழக்கிலிருந்து என் வாப்பா பெயரை நீக்கி, திரு. சுடலைராஜ் பெயரைச் சேர்க்க வேண்டும். கிரேஸியின் சிகிச்சைச் செலவு முழுவதையும் அவரே ஏற்க வேண்டும்.
ஈ) மாடியிலுள்ள கான்கிரீட்டை அவர் செலவிலேயே உடைத்தெடுக்க உத்தரவிட வேண்டும். பலகையை முதலில் இறக்க வேண்டும்.

9. இதில் கோபம் இருக்கிறது. மறைக்க விரும்பவில்லை. சமாதானம் பேச திரு. சுடலைராஜ் இரண்டு அண்ணாச்சிமாரை அனுப்பினார், டீகூடக் கொடுக்காமல் திருப்பி அனுப்பினேன். அவர் தலைகுனிந்து அந்தப் போர்ட்டிகோ வழியாகக் காவல் வண்டியில் ஏறுவதை, அன்று நின்ற அதே ஊழியர்கள் பார்க்க வேண்டும். தாங்கள் ஒரு பொறியாளரை அனுப்பினால் போதும், மீதியை அந்தச் சுவர் காட்டிவிடும்.

10. ஊழியர்கள் முன் அவர் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் போதும், மனு எல்லாம் வேண்டாம் என்று என் வாப்பா சொல்கிறார். எனக்குப் போதாது. ஆகவே இதில் அவருடைய கையெழுத்து இல்லை.

இடம்: திருநெல்வேலி
நாள்: 24.11.2025

இப்படிக்கு,
ஹ. அம்மார்