யார் யாரை முதலில் பார்த்தது

3 மார்ச் 1985, ஞாயிறு

இன்று பதினேழு காலர்தான் தைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்படித்தான். அண்ணன் ராஜுவும் அவன் வகுப்புக் கூட்டாளிகள் குலசிங்கமும் சீனியும் கூடத்தில் விளையாட உட்கார்ந்துவிட்டால், தையல் மெஷினில் என் கால் நின்றுவிடுகிறது.

குலசிங்கத்தின் மாமி லண்டனிலிருந்து அனுப்பிய விளையாட்டு. காய் நகர்த்துவதில்லை. அவன் ஓர் அட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து குகை, பூதம் என்று கதை சொல்வான். அண்ணனும் சீனியும் அதற்குள் போகும் வீரர்கள். என்ன செய்கிறோம் என்று இவர்கள் சொல்ல வேண்டும். பலிக்குமா என்று பகடை சொல்லும். ஒளிந்திருப்பவன் பாயும்போது ஒன்றோ இரண்டோ விழுந்தால் வீரன் அசந்துபோனான், முதல் அடி மற்றவனுக்கு என்று அர்த்தம்.

இன்று சண்டை. குலசிங்கம் “பகடையைப் போடுங்கோ” என்றதுமே சீனி, “வாள உருவிட்டேன்!” என்று கத்தினான். பகடை கேட்டாலே ஆபத்து என்று தெரிந்துவிடுகிறதே! அதனால் அடுத்த முறை குலசிங்கம் கேட்காமல் தானே போட்டான். சீனியின் வீரன் செத்துப்போனான்.

“நான் பாத்திருப்பேன்லா! நீ என்னைக் கேக்கவே இல்ல.”

“கேட்டால் உனக்குத் தெரிஞ்சிடுமே, மச்சான்.”

“கேக்காட்டி நீ ஏமாத்துற. அடுத்த வாரமும் இப்படின்னா நான் வரல. கேரம் ஆடப் போறேன்.”

சீனி இல்லாவிட்டால் விளையாட்டு நின்றுவிடும்.

5 மார்ச்

நான் ஏன் இதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன்? நான் ஆடுவதுகூட இல்லை. வா என்று அவர்கள் கூப்பிட்டதில்லை; நானும் கேட்டதில்லை. தமிழ்ப் பள்ளி முடித்து மலாய்ப் பள்ளியில் சேர்ந்ததும் உட்காரவைக்கும் ரிமூவ் வகுப்போடு பள்ளியை விட்டு மூன்று வருடம். வாரம் முழுக்க என்னிடம் பேசுகிறவர்கள் “காலர் ஆச்சா” என்றுதான் பேசுகிறார்கள். ஞாயிறு மட்டும் இந்த வீட்டில் ஒரு குகை இருக்கிறது. அதுவும் போய்விட்டால் — போனால் என்ன, என்று எழுதப் பார்த்தேன். முடியவில்லை.

7 மார்ச்

இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். அதுதான் சிக்கல்.

விடியும் முன் ரப்பர் தோட்டத்தில் அம்மா பால்வெட்டப் போகும்போது வாளி தூக்கிக்கொண்டு நானும் போவேன். அம்மாவின் நெற்றியில் விளக்கு. அந்த வெளிச்சத்தில் ஒரு மரம்தான் தெரியும். ஆனால் பத்து நிரைக்கு அப்பால் வேலையைக் கண்காணித்து நிற்கும் மண்டோருக்கு எங்களைத் தெரியும். வெட்டு ஆழமாகிறதா என்று பார்க்க அவர் விளக்கில்லாமல் நிற்பார். அண்ணனும் சீனியும் கையில் தீப்பந்தத்தோடு நடந்துகொண்டு, பூதத்தின் மேல் பதுங்கிப் பாயப்போகிறார்களாம்!

அந்த இருட்டில் அம்மா ஒருநாளும் மண்டோரைக் கண்ணால் பார்த்ததில்லை. “பூச்சி சத்தம் நின்னுருச்சு, ஆளு இருக்கு” என்பாள். சில நாள் அது காட்டுப்பன்றி. சில நாள் ஒன்றுமே இல்லை. “பார்த்தாயா?” என்று அவளை யாரும் கேட்கவில்லை. சத்தம் நின்றது, கவனிப்பது அவள் பாடு.

9 மார்ச்

எழுதிவிட்டேன். விளையாட்டுப் பெட்டியில் பகடைக்கு அடியில் வைத்துவிட்டேன். எடுத்துவிடலாமா? எடுக்கவில்லை.

10 மார்ச், ஞாயிறு

குலசிங்கம் தாளை விரித்தான், திருப்பினான். “ஆர் எழுதினது? தமிழ் எனக்கு வாசிக்க வராது. ராஜு, நீ வாசி.”

இதை நான் யோசிக்கவே இல்லை! என் எழுத்து அண்ணனுக்குத் தெரியும்.

அண்ணன் வாசித்தான். ‘ஆட்டம் தொடங்கும் முன்பே ஆளுக்கு இருபது தடவை பகடை போட்டு எண்ணை எழுதிக்கொள்ளவும். தேவைப்படும்போது கதை சொல்பவர் வரிசையாக ஒவ்வோர் எண்ணாக எடுத்துக் கோடு போட்டு அடிக்கவும். ஒன்றும் இல்லாத இடத்திலும் சில தடவை சும்மா அடிக்கவும்; எது நிஜம் என்று ஆடுபவருக்குத் தெரியக்கூடாது. ஆபத்து என்று சொல்லாமல் அடையாளம் மட்டும் சொல்லவும். விளக்கோடு போகிறவர்கள் யார் மேலும் பதுங்கிப் பாய முடியாது.’ பாதியில் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் ஊசியையே பார்த்தேன். காது சுட்டது.

“யாரு எழுதினது?” என்றான் சீனி.

“தெரியலலா” என்றான் அண்ணன். என்னைக் காப்பாற்றினானா, வெட்கப்பட்டானா?

சீனி விடவில்லை. “இருபது பகடையும் நான்தான் போடுவேனா? அப்ப ஏமாத்த முடியாது, நல்லாருக்கு. ஆனா வெளக்க அணைச்சிட்டா?”

குலசிங்கம் விளையாட்டின் விதிப் புத்தகத்தைப் புரட்டினான். புரட்டிக்கொண்டே இருந்தான்.

“அணைச்ச ஒடனே ஒன்னும் தெரியாது” என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். “கண்ணு பழகணும். அதுவரைக்கும் ஒரு தடவ அவன்தான் அடிப்பான்.”

மூன்று பேரும் திரும்பினார்கள்.

“ராஜு, ஒன் தங்கச்சி பேசுமா?” என்றான் சீனி.

“பேசும். ஒன்னை மாதிரி கத்தாது.”

குலசிங்கம் பென்சிலை எடுத்தான். “ஒரு தடவை மட்டுமா, இரண்டா?”

24 மார்ச்

நாற்காலியை மேசைப் பக்கம் திருப்பிப் போட்டேன். சீனி சற்று நகர்ந்து இடம் விட்டான்.

19 மே

குலசிங்கத்தின் அப்பாவுக்குக் குவாந்தானுக்கு மாற்றல். புதன்கிழமை போகிறார்கள். பெட்டியை இங்கேயே வைத்துவிட்டான். அட்டைக்குப் பின்னால் யார் உட்காருவது என்று அண்ணன் கேட்டதற்கு, “இதென்ன கேள்வி?” என்று என் பக்கம் கை காட்டினான்.

2 ஜூன், ஞாயிறு

சீனி தன் அத்தை மகள் மங்களத்தையும் கூட்டி வந்தான். மூன்று வீரர்கள். பாழடைந்த ஆலை, திறந்த கதவு.

“ஏதும் சத்தம் கேக்குதா?” என்றான் சீனி.

அட்டைக்குப் பின்னால் பென்சிலால் ஓர் எண்ணை அடித்தேன். “ஒன்னும் கேக்கல.”

அவன் என் முகத்தைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். நான் தலையைக் குனியவில்லை.

“சரி” என்றான். “உள்ள போறேன்.”