மங்காத கம்பி

அன்பு மகள் மழைக்கைக்கு,

அப்பா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். என் வலது உள்ளங்கையில் கட்டுப் போட்டிருக்கிறது, அது ஏன் என்று பின்னால் வரும். இங்கே மூவரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், சோற்றுக்கும் தூக்கத்துக்கும் குறையில்லை. நீ அங்கே சுகமா என்று ஒவ்வொரு கடிதத்திலும் வழக்கத்துக்காகக் கேட்பேன், இந்த முறை பதில் வேண்டுமென்றே கேட்கிறேன். இதை உன் கையில் கொடுக்கிறவரை வாசலிலேயே நிறுத்தி வைக்காதே, உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு மேற்கொண்டு படி.

நீ அனுப்பிய கடிதமும், அதோடு சுருட்டி வைத்திருந்த உன் பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியும் வந்து சேர்ந்தன. உன் கடிதத்தைப் பார்த்ததும் உன் அம்மா, "என்னங்க, எழுத்து ஒண்ணுகூடக் கலையலையே" என்றாள். நீ எழுதினால் பக்கத்துக்கு நாலு இடத்திலாவது உன் கை வேர்வையில் மை கரைந்து கொசு நசுங்கினது போல இருக்கும், சின்னவள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். இந்தக் கடிதம் அச்சடித்தது போல இருந்தது. உங்கள் கிளப்பின் பின்னறை அலமாரியில் உறையில்லாமல் கிடந்த நாலு கம்பி செட்டில் ஒன்று என்றும், முன்பு வாசித்த யாரோ விட்டுப்போனது என்று மேனேஜர் சொன்னார் என்றும், மாட்டி இத்தனை மாதமாகியும் மாட்டிய அன்றைப் போலவே பளபளக்கிறது என்றும் எழுதியிருந்தாய். எந்தக் கம்பெனிச் சரக்கு என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டு, கடைசி வரியில், "இப்போதெல்லாம் என் கை வேர்ப்பதே இல்லை அப்பா" என்று சந்தோஷமாக முடித்திருந்தாய். எனக்கும் அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

உன் கைக்கு ஈடுகொடுக்கும் கம்பியைத் தேடி நான் பட்ட பாடு உனக்கே தெரியும். நிக்கல் கம்பி உன்னிடம் ஒரு வாரம் தாங்காது, கருத்துப்போய் செத்த ஒலி கொடுக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அதைவிடக் கொஞ்சம் தாக்குப்பிடித்தது. மேலே பூச்சுப் போட்ட கம்பி ஒரு மாதம் வந்தது, பிறகு உரிந்த வெங்காயம் போலத் தோல் தோலாகத் தொங்கியது. தட்டைச் சுற்றுக் கம்பியில் வேர்வை போய் ஒளிய இடுக்கு இல்லை, ஆனால் அதன் ஒலி உனக்குப் பிடிக்கவில்லை. ஆகவே நீ அனுப்பியதை ஏதோ புதையல் போல நம் கிட்டார் பட்டறை மேசையில் வைத்து, கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தேன். பூச்சு எதுவும் இல்லை. சாதாரண நிக்கல் சுற்று, சாதாரண உள்கம்பி. உலர்ந்த துணியால் துடைத்தால் துணியில் ஒரு கறைகூட ஒட்டவில்லை. சின்னவள் பக்கத்தில் நின்றுகொண்டு, கை கழுவித் துடைத்த ஈரத்துணியை அதன்மேல் ஒரு இழுப்பு இழுத்தாள், துணி சருகு போலக் காய்ந்துவிட்டது. "அப்பா, இது தண்ணி குடிக்குது" என்றாள். "போடி, கதைப் புத்தகம் படிச்சுப் படிச்சு உனக்கு எல்லாமே கதை" என்று அவளை விரட்டினேன். இந்த வரியை அவளே எழுதும்போது பேனாவை எப்படி அழுத்துகிறாள் பார்.

மறுநாள் துண்டுக்காரர் வந்தார். உனக்கு அவரைத் தெரியாது, நீ போன பிறகு வந்த வாடிக்கை. ஹோட்டலில் பேஸ் வாசிக்கிறார், உருவம் பெரிது, கழுத்தில் எப்போதும் ஒரு துண்டு கிடக்கும், ஒரு பாட்டு முடிந்தால் அதைப் பிழிய வேண்டும். அந்தக் கம்பியைச் சோதனைக் கிட்டாரில் மாட்டி வைத்திருந்தேன், அதை எடுத்து வாசித்துப் பார்த்தார். அந்த ஒலியைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேசையின்மேல் இருந்த திருகாணிகள் எல்லாம் ஒரே பக்கமாக நகர்ந்தன. வாசித்து முடித்தவர் உள்ளங்கையை விரித்துக் காட்டி, "அண்ணே, பாருங்க, காஞ்சிருக்கு! என் கல்யாணத்தன்னைக்குக்கூட என் கை காயலண்ணே" என்றார். என் பெண்ணுடையது, தரமாட்டேன் என்றதற்கு, "பொண்ணுகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்று கழற்றித் தன் கிட்டாரில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

பத்து நாள் இருக்கும், அவர் மனைவி அவரைக் குழந்தையை இழுத்து வருவது போல இழுத்துக்கொண்டு வந்தார். கழுத்தில் கிட்டார் தொங்குகிறது, துண்டைக் காணோம். அந்த அம்மாள் சொன்னதை அப்படியே எழுதச் சொல்கிறேன். "தொட்டுப் பாருங்க, வெயில்ல கெடந்த தகரம் மாதிரி கொதிக்குது. கேட்டா குளுருதுங்கிறாரு. ராத்திரி அடுப்பு பக்கத்துல போய் உக்காந்துக்கிறாரு. சோறு வேணாம், பேச்சு வேணாம், அந்த ஒரு கம்பிதான். என்ன கட்டி விட்டீங்க என் வீட்டுக்காரருக்கு?" அவர் யாரையும் பார்க்கவில்லை. ஒலியைப் பெருக்கும் ஆம்ப் எதிலும் இணைக்காமலே, அந்தத் தடித்த கம்பியில் மட்டும் ஒரே மெட்டை வாசித்துக்கொண்டே இருந்தார். சின்னவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். நீ போன மாதம் போனில் வாசித்துக் காட்டி, "தானா வந்துச்சுப்பா, யாரும் சொல்லித் தரல" என்றாயே, அதே மெட்டு. நீ வாசித்ததை அவர் எங்கே கேட்டார்? வேர்ப்பது உடம்பு தன்னைத்தானே குளிரவைத்துக்கொள்ளும் வழி, அது நின்றுபோனால் உள்ளே சூடேறி ஆளையே கொன்றுவிடும் என்று பள்ளியில் படித்ததைச் சின்னவள் அழுதுகொண்டே சொன்னாள். இந்த முறை நான் அவளை விரட்டவில்லை.

கம்பியை இறுக்கும் கீயைத் திருகித் தளர்த்தப் பார்த்தேன், அசையவில்லை. இறுக்கத்தில் இருக்கும் கம்பியை வெட்டக்கூடாது என்பது தொழிலில் முதல் பாடம், வேறு வழியில்லாமல் கட்டிங் பிளேயரை வைத்து அழுத்தினேன். அறுந்த முனை என் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு போனது. அதன் பிறகு நடந்ததை நான்கு பேர் பார்த்திருக்கிறோம். வெட்டிய வாயிலிருந்து தண்ணீர் வந்தது. ஊசி நுழைய இடமில்லாத கம்பி அது. முதலில் சொட்டு, பிறகு நூல், பிறகு குழாய் திறந்தது போல. சின்னவள் பேசினைக் கொண்டுவந்து வைத்தாள், நிரம்பியது, வெதுவெதுப்பாக, உப்பு வாசனையோடு. அது நிரம்பும்போதே துண்டுக்காரரின் நெற்றியில் வேர்வை கொப்பளித்தது, அவர் தூங்கி எழுந்தவர் போலச் சுற்றும் பார்த்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்து, மனைவியின் தோளில் சாய்ந்து அழுதார். அந்த அம்மாள், "நல்லா அழுங்க, எல்லா ஈரமும் வரட்டும்" என்று முதுகைத் தட்டினார். தண்ணீர் நிற்கவில்லை. சத்தம் கேட்டுச் சமையலறையிலிருந்து வந்த உன் அம்மா வாசற்படியிலேயே நின்று மூச்சை இழுத்தாள். கையிலிருந்த பானையைப் பேசினுக்குப் பதிலாகக் கீழே வைத்து, அதில் விழுவதைக் கையால் தொட்டு, "இது என் பொண்ணு வேர்வை. கைக்குழந்தையிலேருந்து தொடைச்சவ நான், எனக்குத் தெரியாதா?" என்றாள். அந்தப் பானையும் நிரம்பியது. அதற்குப் பிறகும் கொஞ்சம் வந்து தரையில் ஓடியது. அது யாருடையது என்று எங்களுக்குத் தெரியாது. அது மட்டும் ஐஸ் போலக் குளிர்ந்திருந்தது.

உனக்கு உடனே போன் செய்தோம். எடுத்தாய், ஆனால் பேசவில்லை. அந்த மெட்டு மட்டும் கேட்டது, அடிக்கம்பி இல்லாமல். எத்தனை முறை அடித்தாலும் அதேதான். உன்னிடம் இன்னும் மூன்று கம்பி இருக்கிறது. அதனால்தான் தபாலை நம்பாமல் துண்டுக்காரரிடமே கொடுத்தனுப்புகிறேன். "நான்தான் போவேன், அந்தப் புள்ளைக்கு என்ன ஆகுதுன்னு உங்க யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும்" என்று அவரே கிளம்பிவிட்டார். நான் வரலாமென்றால் இந்தக் கையால் எதையும் வெட்ட முடியாது. அம்மா அந்தப் பானையைவிட்டு நகர மாட்டேன் என்கிறாள், போர்வை சுற்றி மடியிலேயே வைத்திருக்கிறாள். ஆறாமல் இருக்கிறது, அதுதான் எங்களுக்குத் தெம்பு.

அந்த ஒலியால்தான் உன்னை முன்வரிசையில் நிறுத்தினார்கள் என்பதும், ரெக்கார்டிங்குக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்பதும் தெரியும். அது முடியட்டும், பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்று உனக்குத் தோன்றும். மகளே, தோன்றுவது உனக்கா, அதற்கா என்று எனக்குத் தெரியவில்லை. மூன்றையும் அவர் எதிரிலேயே வெட்டு, உன்னால் முடியாவிட்டால் கிட்டாரை அவரிடம் கொடுத்துவிடு. மேலே கெட்டித் துணியைப் போர்த்திவிட்டு வெட்டுங்கள், கீழே பாத்திரம் இருக்கட்டும், குளிர்ந்து வருவதை மட்டும் யாரும் தொட வேண்டாம். அவரிடம் புது செட் இரண்டு கொடுத்திருக்கிறேன், சாதாரண நிக்கல். ஒரு வாரத்தில் கருத்துவிடும். கருத்தால் எழுது, இன்னும் அனுப்புகிறேன், நான் உயிரோடு இருக்கும்வரை உனக்குக் கம்பி மாட்டிக்கொண்டே இருக்கிறேன்.

நீ நூறாண்டு வேர்த்து விறுவிறுத்து வாழ வேண்டும். அம்மாவின் முத்தங்கள். சாப்பாட்டில் உப்புக் குறைக்காதே, தண்ணீர் நிறையக் குடி.

இடது கையால் கையெழுத்திடும்,
உன் அப்பா

அக்கா, இது நான் எழுதுவது, அப்பாவுக்குத் தெரியாது. துண்டுக்காரர் கிளம்பச் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறார், உறையை ஒட்டுவதற்கு முன்னால் எழுதிவிடுகிறேன். அம்மா அசந்து தூங்கிவிட்டாள், போர்வைக்குள் கையைவிட்டுப் பானையைத் தொட்டுப் பார்த்தேன். நடுவில் சூடு இருக்கிறது. ஓரத்தில் ஆறத் தொடங்கிவிட்டது. அவர் கதவைத் தட்டும்போது நீ வாசித்துக்கொண்டிருப்பாய். நிறுத்திவிட்டுத் திற.