வெள்ளகவி ஓடைப் பாசி

நேற்று கல்லூரி ஆய்வகத்தில் உன் கடைசிப் பொட்டலத்தைப் பிரித்தேன். எட்டு மாதமாகத் துணிவில்லாமல் இழுப்பறைக்குள்ளேயே வைத்திருந்தேன். காய்ந்த பாசியில் சொட்டு நீர் விட்டதும் வெள்ளகவி ஓடையின் ஈரமண் வாசம் எழுந்தது.

இருபது வருடம் ஒரே துறையில் பாடம் நடத்தினோம். விடுமுறை கிடைத்தால் ஓடைக்கரைகளில் மண்டியிட்டுக் கிடந்தோம். ஃபிசிடென்ஸ் என்ற பாசியினம் என்றால் உனக்குத் தனிப் பித்து. நகத்தளவு செடி, இரண்டே வரிசையில் இலைகள், அழுத்திவைத்த இறகுபோல் தட்டையாக. ஒவ்வொரு இலையின் அடியும் இரண்டாகப் பிளந்து தண்டைக் கவ்வியிருக்கும். குடும்பத்தைச் சொல்ல அது போதும். அதற்குள் எந்த வகை என்று பிரிக்க இலையோரத்தைப் பார்க்க வேண்டும், வித்துப்பையின் வாயில் நுனி பிளந்து நிற்கும் பதினாறு பற்களையும் பார்க்க வேண்டும்.

அன்று நீ வெள்ளகவி ஓடையிலிருந்து கொண்டுவந்த துணுக்கில் வித்துப்பை இல்லை.

"புதுசு மாப்ள. எந்தப் புத்தகத்துலயும் இல்ல" என்றாய்.

நான் விடைத்தாளிலிருந்து நிமிரவில்லை. "பல்லக் காட்டிட்டுப் பேசு" என்றேன்.

மறுநாள் மழை. வித்துப்பை தேடி விடியுமுன், வெள்ளனே, தனியாக ஓடைக்கு இறங்கியிருக்கிறாய். வெள்ளகவிக்காரர்கள் நாலு பேர் போர்வையில் கட்டி உன்னை மேலே தூக்கிவந்தார்கள்.

"பாறை வழுக்கிருச்சுங்க சார். நாங்க பாக்கையில மூச்சு இல்ல. சட்டப் பைக்குள்ள இது கெடந்துச்சு" என்று ஒருவர் பொட்டலத்தை என் கையில் வைத்தார்.

நேற்று பார்த்தேன். வித்துப்பைகள் இருந்தன, பற்களும் இருந்தன. மூன்று முறை புத்தகத்தோடு ஒப்பிட்டேன். வேறொன்றாக இருந்துவிடாதா என்று கண்ணாடித் தகட்டை மாற்றி மாற்றி வைத்தேன். நம் ஆய்வகத்துப் பின்சுவரில், குழாய் கசியும் இடத்தில் வளர்கிறதே, அதுதான். ஓடை ஈரத்தில் இலை நீண்டு வேறாகத் தெரிந்திருக்கிறது. அன்று நான் எழுந்து வந்து லென்ஸில் கண்ணை வைத்திருந்தால் இலையோரத்தைப் பார்த்தே சந்தேகப்பட்டிருப்பேன். இருவரும் சுவருக்குப் போய் ஒப்பிட்டிருப்போம். நீ ஓடைக்குப் போயிருக்கமாட்டாய்.

இன்று பள்ளங்கிக்குப் போனேன். உன் மனைவி வாசலில் பூண்டு உலர்த்திக்கொண்டிருந்தாள். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அண்ணே, அவரு எடுத்தது புதுசுதானா?"

"இன்னும் பாத்து முடிக்கலம்மா."

"மெதுவாப் பாருங்க. புதுசாத்தான் இருக்கும். இல்லாட்டி அந்த மழையில போயிருப்பாரா?"

தண்ணீரைக் குடிக்காமல் செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

பொங்கலுக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லியிருக்கிறாள். மறுபடி கேட்பாள். என்ன சொல்லட்டும் மாப்ள?